பித்தளை எழுத்து

ஓர் எழுத்து நாற்பத்திரண்டு டாலர், வரி தனி.
சொன்னதும் லியாண்டர் பார்டி தொப்பியைக் கழற்றி
உள்ளே எட்டிப் பார்த்தார், பணம் அங்கே இருப்பதுபோல.
நண்டு விலை படுத்துவிட்ட ஏப்ரல்.
நியூஃபவுண்ட்லாண்டின் இந்த மூலையில்
துறையின் வாயை இன்னும் பனிக்கட்டி அடைத்துக் கிடந்தது.

அவர் படகின் பின்புறம் ஒன்பது எழுத்து.
பதினோரு வருஷம் முன்பு நான் விற்றவை:
எச், இ, என், ஆர், ஐ, இ, டி, டி, ஏ.
ஹென்ரியெட்டா.
பெயருக்கு உரியவள் அக்டோபரில் ஆல்பெர்ட்டாவுக்குப் போய்விட்டாள்,
நல்ல கோட்டையும் காப்பி மெஷினையும் எடுத்துக்கொண்டு.

படகுக்குப் பெயர் மாற்றினால் கடல் மன்னிக்காது என்பார்கள் இங்கே.
"மாற்றவில்லை, குறைக்கப் போகிறேன்" என்றார்.
"இருக்கிற எழுத்துக்குள்ளேயே ஒரு சொல் இருக்காதா?"

ஆணி மடிக்கும் தாளில் எழுத ஆரம்பித்தோம்.
ஹார்ட் வந்தது. இதயம். தலையை ஆட்டினார்.
அதே ஐந்தைக் குலுக்கினால் எர்த்.
தரை தட்டுவதற்கா படகு?
ரெயின். அது கூப்பிடாமலே வருகிறது.
டீத். பல். அவருக்கு அதில் மூன்று குறைவு.
நெய்தர்: இதுவுமில்லை, அதுவுமில்லை.
அதன் கீழே மட்டும் ஒரு கோடு போட்டுவைத்தார்.

பெயிண்ட் வாங்க வந்த செல்பி ரைட்அவுட்
தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, பென்சிலைப் பிடுங்கி
எட்டெழுத்தில் த்ரெட்டன் என்று எழுதினார்,
மிஞ்சிய ஐ-யைத் தூக்கி முன்னால் போட்டார்.
ஐ த்ரெட்டன். நான் மிரட்டுகிறேன்.
ஒன்பதும் தீர்ந்தது, ஒன்றுகூடச் சிந்தவில்லை.
கடையே சிரித்தது.
லியாண்டர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்,
பதினோரு வருஷம் அதைப் படிக்காமலே
ஓட்டிக்கொண்டிருந்தவர்போல.

எழுத்தை இடம் மாற்றினால் புது ஓட்டை போட வேண்டும்,
பழைய ஓட்டையில் தண்ணீர் இறங்கும்.
ஆகவே எதையும் நகர்த்தாமல்
சிலதை மட்டும் கழற்றினால் என்ன வரும்?
ஹென். கோழி பேரிலா கடலுக்குப் போவது.
நெட். வலை. இது நல்லது என்றேன்.
ஹெர். அவளுடைய.
சற்று நேரம் ஆணித் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் இருந்தது.
எனக்குப் பழக்கமானது அது, அந்த ஒன்பதையும்
அவருக்குப் பொட்டலம் கட்டிய நாளிலிருந்தே.
நான்காவது, ஐந்தாவது, ஒன்பதாவது;
நடுவில் ஏழோ எட்டோ, இரண்டும் டி-தான்.
என் சட்டையில் குத்திய பெயர்ச்சீட்டில் உள்ள நான்கு,
அதே வரிசையில்.
கட்டும்போது சணல் அறுந்து இரண்டாம் முறை கட்டினேன்.
அப்போதும் சொல்லவில்லை, இப்போதும்.

வெள்ளிக்கிழமை கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்.
எச், இ, ஒரு இடைவெளி, ஆர்,
இன்னொரு இடைவெளி, இ.
ஹியர். இங்கே.
"எங்கே இருக்கிறாய் என்று ரேடியோவில் கேட்டால்
படகின் பெயரைச் சொன்னால் போதும்."
அவர் சிரித்து நான் பார்த்தது அந்தக் குளிர்காலத்தில் அதுதான்.

கழற்றிய இடங்களில் வெயில் படாத நீலம்
எழுத்து வடிவிலேயே தங்கிவிட்டது.
பக்கத்தில் நின்றால் ஹென்ரியெட்டா முழுசாய்ப் படிக்க வருகிறாள்.
படகு தள்ளிப் போகப் போகத்தான் இங்கே.

மிஞ்சிய ஐந்தைக் கல்லாமேல் கொட்டி
திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்றார்.
என், ஐ, டி, டி, ஏ.
மூன்று மெய், இரண்டு உயிர்.
உப்புப் பிடித்த சரக்கு, பாதி விலைதான் என்றேன்.
நூற்றைந்து டாலர். இரண்டு முறை எண்ணிக் கொடுத்தேன்.

கடை சாத்தியபின் மூன்றை வரிசையாக வைத்துப் பார்த்தேன்.
ஐ, டி, ஏ.
முன்னால் ஒன்று வேண்டும்.
அது கடலில் இருக்கிறது,
இங்கே என்ற சொல்லுக்குள், இரண்டு திருகாணியில்.

புதிதாக ஒன்று வரவழைக்கலாம்.
நாற்பத்திரண்டு டாலர், எனக்குத் தள்ளுபடியும் உண்டு.
ஆர்டர் புத்தகத்தைத் திறந்து
பெயிண்ட் எழுதினேன், கயிறு எழுதினேன்,
மூடிவிட்டேன்.